ஒரே மார்க்கம், ஒரே மொழி. பிறகும் ஏன் உரசல்? புத்தளத்து இடம்பெயர்வு பற்றிய ஆய்வுகளும் மதீனாவின் வழிகாட்டலும்

ஓர் ஊருக்குள் வெளியூர் மக்கள் பெருந்தொகையாக வந்து குடியேறும்போது என்ன நடக்கிறது? வந்தவர்களும் இருந்தவர்களும் எப்போது ஒரே ஊராராக ஆகிறார்கள்? எது அதற்கு உதவுகிறது, எது தடுக்கிறது? கடந்த சில தசாப்தங்களாக உலகின் பல பல்கலைக்கழகங்களில் இக்கேள்விகள் ஆராயப்பட்டு வருகின்றன. இனம், மொழி, மதம் ஆகியவற்றில் உள்ள வேறுபாடுதான் உரசலுக்குக் காரணம் என்பது பொதுவாக நிலவும் எண்ணம்.

இந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்க்க நமக்கு மிக அருகிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1990-ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பான்மையினர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்தனர். வந்தவர்களும் வரவேற்றவர்களும் ஒரே கலிமாவை மொழிந்தவர்கள். ஒரே தமிழைப் பேசியவர்கள். ஒரே ஸப்பில் நின்று தொழுதவர்கள். இருந்தும் சில ஆண்டுகளில் உரசல் தோன்றியது. அது ஏன் என்பதை நேர்மையாக விளங்கிக்கொள்வது, இன்றும் அங்கு வாழும் குடும்பங்களுக்கும், நாளை வேறெங்கோ இடம்பெயர்ந்தோரை வரவேற்கப்போகும் மஹல்லாக்களுக்கும் அவசியமானது.

அகதியா, இடம்பெயர்ந்தவரா?

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். சர்வதேசச் சட்டத்தில் ‘அகதி’ என்பவர், துன்புறுத்தலுக்கு அஞ்சித் தன் நாட்டின் எல்லையைத் தாண்டியவர். 1951-ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயம் இவர்களுக்குரியது. தன் நாட்டுக்குள்ளேயே ஊரை விட்டு விரட்டப்பட்டவர் ‘உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர்’ எனப்படுவார். இவர்களுக்காக ஐக்கிய நாடுகள் சபை 1998-இல் வழிகாட்டல் கோட்பாடுகளை வெளியிட்டது. விரும்பினால் பாதுகாப்புடனும் கண்ணியத்துடனும் சொந்த இடம் திரும்புவது, அல்லது விரும்பினால் வேறிடத்தில் நிலையாகக் குடியேறுவது ஆகிய இரண்டும் அவர்களுடைய உரிமை என்று அக்கோட்பாடுகள் கூறுகின்றன. இரண்டில் எதைத் தெரிவு செய்வது என்பதை அந்த மக்களே தீர்மானிக்க வேண்டும்.

சட்டப்படி வடபுல முஸ்லிம்கள் இடம்பெயர்ந்தவர்கள். ஆனால் பேச்சு வழக்கில் அவர்கள் ‘அகதிகள்’ என்றே அழைக்கப்பட்டார்கள். தம்மைத் தாமே அப்படி அழைத்தும் கொண்டார்கள். இந்தச் சொல் பற்றிப் பின்னர் பார்ப்போம்.

1990 ஒக்டோபர்

அந்த ஆண்டு ஒக்டோபர் மாதத்தின் இரண்டாம் பாதியில், யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஆகிய ஐந்து மாவட்டங்களிலும் தமது கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளிலிருந்து விடுதலைப் புலிகள் முஸ்லிம்களை வெளியேறுமாறு உத்தரவிட்டனர். ஏறத்தாழ 75,000 பேர் வெளியேற்றப்பட்டனர் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட மதிப்பீடு. ஒக்டோபர் 30-ஆம் திகதி யாழ்ப்பாண நகர முஸ்லிம்களுக்கு வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலங்கள் மட்டுமே. நகைகள், காணி உறுதிகள், வியாபாரப் பொருட்கள் அனைத்தையும் விட்டுவிட்டு, சிறுதொகைப் பணத்துடனும் மாற்றுடுப்புடனும் மக்கள் புறப்பட்டனர். மன்னார்த் தீவின் மக்கள் பலர் படகுகளில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். மற்றவர்கள் கால்நடையாகவும் கிடைத்த வாகனங்களிலும் வவுனியா வழியாகத் தெற்கு நோக்கி வந்தனர்.

இது துப்பாக்கி ஏந்திய ஓர் இயக்கத்தின் முடிவு. தலைமுறைகளாகப் பக்கத்து வீட்டில் வாழ்ந்த தமிழ் மக்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. கண்ணீருடன் வழியனுப்பிய அயலவர்களைப் பற்றி வெளியேற்றப்பட்டவர்களே சாட்சியம் கூறியிருக்கிறார்கள். 2002-ஆம் ஆண்டு சமாதான முயற்சிகளின்போது, இந்த வெளியேற்றம் தவறு என்பதை அவ்வியக்கத்தின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் பகிரங்கமாக ஏற்றுக்கொண்டார்.

புத்தளத்தின் முதல் நாட்கள்

புத்தளம், கற்பிட்டி, முந்தல், வண்ணாத்திவில்லு ஆகிய பிரதேச செயலகப் பிரிவுகளில்தான் அதிகமானோர் தங்கினர். உள்ளூர் முஸ்லிம்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டார்கள். சமைத்துக் கொடுத்தார்கள். தம் தென்னந்தோட்டங்களில் கொட்டில் அமைக்க இடம் கொடுத்தார்கள். அரச உதவியும் வெளிநாட்டு நிறுவனங்களின் உதவியும் வந்து சேர்வதற்கு முன்பே, அங்குள்ள மக்கள் தங்கள் அடுப்பில் இருந்ததைப் பகிர்ந்தார்கள். பலர் இதை அன்ஸார்களின் செயலுக்கு ஒப்பிட்டது பொருத்தமானதே.

‘சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் திரும்பிவிடுவோம்’ என்றுதான் இரு தரப்பும் நினைத்தது. ஆனால் வாரங்கள் வருடங்களாகின. கிடுகுக் கொட்டில்கள் நிரந்தரமாயின. ஒரே ஊரைச் சேர்ந்தவர்கள் சேர்ந்து குடியேறினார்கள். தம் பழைய ஊரின் பெயரையும் பள்ளிவாசலின் பெயரையும் பாடசாலையின் பெயரையும் புதிய இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். கொட்டிலில் பிறந்த பிள்ளைகள் அங்கேயே வளர்ந்து திருமணமும் செய்தார்கள்.

உரசல் எங்கே தொடங்கியது?

உரசலின் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அவற்றில் ஒன்றுகூட மார்க்கத்தையோ மொழியையோ சார்ந்ததாக இல்லை.

முதலாவது, தண்ணீர். கற்பிட்டிக் குடாநாடு மணற்பாங்கான நிலம். அங்குள்ள நன்னீர் மணலுக்கடியில் தேங்கும் மழைநீர்தான். வெங்காயமும் மரக்கறியும் பயிரிடும் தோட்டங்களும் வீட்டுக் கிணறுகளும் அதையே நம்பியிருந்தன. குறுகிய காலத்தில் பல்லாயிரம் பேர் வந்து சேர்ந்தபோது கிணற்றடியிலும் மலசலகூட வசதியிலும் நெருக்கடி ஏற்பட்டது.

இரண்டாவது, கூலி. உப்பளம், வெங்காயத் தோட்டம், தென்னந்தோட்டம், மீன்பிடி ஆகியவையே அப்பகுதி வறியவர்களின் தொழில். யாழ்ப்பாணத்தில் தையல், நகை, இரும்பு வியாபாரம் செய்தவர்களும் மன்னாரில் வயலும் வலையும் வைத்திருந்தவர்களும், பிழைப்புக்காகக் குறைந்த கூலிக்கு வேலை செய்ய முன்வந்தார்கள். தோட்ட முதலாளிக்கு அது இலாபம். அதே தோட்டத்தில் கூலிக்குப் போன உள்ளூர் ஏழைக்கு அது நட்டம். அகதிகள் வந்ததால் ‘ஊருக்கு’ நன்மையா தீமையா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை என்பதை இது காட்டுகிறது. காணி வைத்திருந்தவருக்கு விலை ஏறியது. காணி வாங்க நினைத்தவருக்கு எட்டாமற் போனது.

மூன்றாவது, கல்வி. வகுப்பறைகள் நிரம்பி வழிந்தன. பல்கலைக்கழக அனுமதி மாவட்ட அடிப்படையிலும் வழங்கப்படுவதால், வடக்கிலிருந்து வந்த மாணவர்கள் புத்தளம் மாவட்டத்தின் இடங்களைப் பெற்றுக்கொள்கிறார்கள் என்ற மனக்குறை உள்ளூர்ப் பெற்றோரிடம் எழுந்தது. மறுபக்கத்தில், வீடு வாசல் இழந்தவர்களுக்குப் பிள்ளைகளின் படிப்பு ஒன்றே எஞ்சிய முதலாக இருந்தது.

நான்காவது, நிவாரணம். இடம்பெயர்ந்தவர்களுக்கு உலர் உணவு வழங்கப்பட்டது. பக்கத்துக் குடிசையில் அதே வறுமையில் வாழ்ந்த உள்ளூர்க் குடும்பத்துக்கு அது கிடைக்கவில்லை. வேலிக்கு இப்பக்கம் அரிசி, அப்பக்கம் இல்லை என்ற நிலை எந்த நல்லுறவையும் சோதிக்கும். ஏழ்மைக்கு உதவாமல் அடையாள அட்டைக்கு உதவியதன் விளைவு இது.

ஐந்தாவது, பதிவு. வடக்கில் உள்ள வாக்குரிமையையும் காணி உரிமையையும் இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் பலர் வடமாகாண வாக்காளர்களாகவே பதிவில் இருந்தார்கள். தேர்தல் வந்தால் புத்தளத்திலிருந்தபடியே வடக்கின் தொகுதிகளுக்கு வாக்களித்தார்கள். வாழ்வது ஓரிடம், பதிவு வேறிடம். வாழும் ஊரின் பிரதேச சபையில் அவர்களுக்குக் குரலில்லை. வாக்குள்ள ஊரிலோ அவர்கள் இல்லை.

ஆய்வாளர்கள் சொன்னது

இந்த வரலாற்றை ஆவணப்படுத்தியவர்களில் முதன்மையானவர் பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியல் பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ். மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த அவர், தன் மக்களின் இழப்பைக் கணக்கெடுத்து எழுதுவதைத் தன் வாழ்நாள் பணியாக்கிக்கொண்டார். வடபுல முஸ்லிம்களை, இலங்கையின் இனப்போரில் மறக்கப்பட்ட மக்கள் என்று 2001-இல் வெளிவந்த அவரது நூலின் தலைப்பே குறிப்பிடுகிறது. 2018-இல் அவர் மறைந்தார். அல்லாஹ் அவரது பணிகளை ஏற்றுக்கொள்வானாக.

நோர்வேயைச் சேர்ந்த புவியியலாளர் கத்ரின் ப்ருன் புத்தளத்தில் நீண்டகாலம் கள ஆய்வு செய்தார். விருந்தோம்பல் பற்றிய அவரது ஆய்வு நாம் கவனிக்க வேண்டியது. ‘விருந்தளிப்பவர்’, ‘இடம்பெயர்ந்தவர்’ என்ற இரு வகைகளை உதவி நிறுவனங்களும் நிர்வாகமும் சமூகமும் சேர்ந்து உறைய வைத்துவிட்டன என்று அவர் காட்டினார். விருந்தாளிக்குக் கண்ணியம் உண்டு. ஆனால் வீட்டில் உரிமை கிடையாது. விருந்தாளி பதினைந்து வருடம் விருந்தாளியாகவே இருக்க நேர்ந்தால் இரு தரப்பும் களைத்துப் போகும். ஒருவர் கொடுத்துக் களைக்கிறார். மற்றவர் நன்றி சொல்லிக் களைக்கிறார்.

மானுடவியலாளர் ஷாரிகா திராணகம 2011-இல் வெளியிட்ட நூலில் ‘ஊர்’ என்ற நமது சொல்லை ஆராய்கிறார். ‘உங்கள் ஊர் எது?’ என்று கேட்டால், மூத்தவருக்கு அது நினைவில் நிறைந்த யாழ்ப்பாணத்துச் சோனகத் தெரு. புத்தளத்தில் பிறந்த பிள்ளைக்கோ அது தாயும் தந்தையும் சொல்லக் கேட்ட பெயர். அந்தப் பிள்ளையின் நண்பர்களும் விளையாட்டு மைதானமும் புத்தளத்தில். ஆனாலும் சமூகம் அதை ‘அகதிப் பிள்ளை’ என்றது. அப்பிள்ளை எங்கிருந்தும் வெளியேற்றப்படவில்லை. அது பிறந்ததே புத்தளத்தில்தான்.

போர் முடிந்த பிறகு, சட்டமும் சமூகமும் நம்பிக்கை நிதியம் என்ற அமைப்பின் முயற்சியில் உருவான பிரஜைகள் ஆணைக்குழு ஊர் ஊராகச் சென்று சாட்சியங்களைப் பதிவு செய்தது. சமூகவியலாளர் பர்ஸானா ஹனிபா உள்ளிட்டோர் அதில் பங்களித்தனர். அரசாங்கம் செய்யாத பணியை ஒரு சிவில் அமைப்பு செய்தது என்பது நினைவில் இருத்த வேண்டியது.

உலக ஆய்வுகளுடன் ஒப்பிட்டால்

அமெரிக்க அறிஞர் ரொபர்ட் புட்னம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு உலகெங்கும் பேசப்பட்டது. 41 பகுதிகளில் ஏறத்தாழ 30,000 பேரிடம் பெறப்பட்ட தகவல்களைக் கொண்டு, பல இனத்தவர் கலந்து வாழும் இடங்களில் அயலவர் மீதான நம்பிக்கை குறுகிய காலத்தில் குறைகிறது என்றார் அவர். நீண்ட காலத்தில் புதிய, விரிந்த அடையாளம் உருவாகிச் சமூகம் பலமடையும் என்றும் அவரே எழுதினார். அந்த இரண்டாம் பகுதியைப் பலர் சொல்வதில்லை. பின்னர் டென்மார்க் ஆய்வாளர்கள் 87 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2020-இல் மதிப்பிட்டபோது, அப்படியொரு குறைவு காணப்பட்டாலும் அதன் அளவு சிறியது என்று தெரியவந்தது.

புத்தளம் இந்த விவாதத்துக்கு ஒரு முக்கியமான சாட்சி. இன வேறுபாடே இல்லாத இரு குழுக்களுக்கிடையிலும் உரசல் தோன்றியது. ஆகவே, உரசல் உள்ள இடத்திலெல்லாம் ‘இவர்கள் வேறு இனம், ஒத்துப்போக மாட்டார்கள்’ என்று சொல்வது அவசரத் தீர்ப்பு. தண்ணீரும் கூலியும் வகுப்பறையும் எப்படிப் பங்கிடப்படுகின்றன என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

இன்னும் மூன்று ஆய்வுகள் நமக்குப் பயன்படும். உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-இலேயே, வெறுமனே அருகருகே வாழ்வதால் மனங்கள் இணைவதில்லை என்றார். சமநிலை, பொதுவான இலக்கு, ஒத்துழைப்பு, அதிகாரத்திலுள்ளோரின் ஆதரவு ஆகிய நான்கும் சேர வேண்டும் என்பது அவர் கருத்து.

இரண்டாவது, சல்மா மூசா ஈராக்கில் செய்து 2020-இல் வெளியிட்ட ஆய்வு. ஐ.எஸ். பயங்கரவாதிகளால் விரட்டப்பட்ட கிறிஸ்தவ இளைஞர்களின் உதைபந்தாட்ட அணிகளில் சிலவற்றில் முஸ்லிம் வீரர்கள் சேர்க்கப்பட்டார்கள். ஒன்றாக விளையாடியவர்கள் அடுத்த பருவத்திலும் கலப்பு அணியில் சேர முன்வந்தார்கள். மாதங்கள் கழித்தும் ஒன்றாகப் பயிற்சி செய்தார்கள். ஆனால் மைதானத்துக்கு வெளியே, முஸ்லிம்கள் அதிகமுள்ள நகருக்குப் போய்வருவது போன்ற விடயங்களில் அந்த மாற்றம் தெளிவாகத் தெரியவில்லை. விளையாட்டு ஒரு கதவைத் திறக்கும். எல்லாக் கதவுகளையும் அது திறந்துவிடாது.

மூன்றாவது, சுவிற்சர்லாந்தில் புகலிடக் கோரிக்கையாளர்களைப் பற்றிய 2016-ஆம் ஆண்டு ஆய்வு. முடிவு தெரியாமல் காத்திருக்கும் ஒவ்வொரு மேலதிக ஆண்டும், பின்னர் அவர்கள் வேலை பெறும் வாய்ப்பை 4 முதல் 5 சதவீதப் புள்ளிகளால் குறைத்தது. காத்திருப்பே மனிதனைத் தேய்க்கிறது. புத்தளத்தில் ‘இன்று போவோமா, நாளை போவோமா’ என்று இருபது வருடங்கள் காத்திருந்த குடும்பங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மதீனா எப்படிச் செய்தது?

முஹாஜிர்–அன்ஸார் சகோதரத்துவத்தை நாம் குத்பாக்களில் அடிக்கடி கேட்கிறோம். பெரும்பாலும் அது தாராள மனம் பற்றிய சம்பவமாக மட்டும் சொல்லப்படுகிறது. ஸீராவையும் ஹதீஸ்களையும் நிதானமாகப் பார்த்தால், அங்கே ஒரு முழுமையான ஏற்பாடு இருந்தது தெரியும்.

நபி (ஸல்) அவர்கள் அன்ஸாரி ஒருவரையும் முஹாஜிர் ஒருவரையும் பெயர் குறித்துச் சகோதரர்களாக இணைத்தார்கள். பொறுப்பு ஆளுக்கு ஆள் வகுக்கப்பட்டது. ஸஃது இப்னு ரபீஃ (ரலி) தன் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவருக்காகத் துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழி கேட்டார். வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் விற்றுச் சில காலத்தில் தன் சொந்தக் காலில் நின்று, அன்ஸாரிப் பெண் ஒருவரை மணமுடித்தார். ஒருவர் மனமுவந்து கொடுத்தார். மற்றவர் உழைக்க வழி கேட்டார். மதீனாவின் சந்தை வந்தவருக்கும் திறந்திருந்தது.

அன்ஸார்கள் தம் பேரீச்சந் தோட்டங்களைப் பாதியாகப் பிரித்துத் தருமாறு கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் அதை ஏற்கவில்லை. முஹாஜிர்கள் தோட்டத்தில் உழைப்பது, விளைச்சலை இருவரும் பகிர்வது என்ற ஏற்பாட்டுக்கே சம்மதித்தார்கள். உரியவரின் சொத்துரிமை காக்கப்பட்டது. வந்தவருக்கு வருமானமும் கண்ணியமும் கிடைத்தன. பின்னர் கைபர் வெற்றியால் முஹாஜிர்களுக்கு வசதி வந்தபோது, அன்ஸார்கள் இரவலாகக் கொடுத்திருந்த பேரீச்ச மரங்கள் திருப்பிக் கொடுக்கப்பட்டன. இதை அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். முஹாஜிர்–அன்ஸார் சகோதரர்கள் ஒருவருக்கொருவர் வாரிசாகும் தற்காலிக ஏற்பாடும், இரத்த உறவினரின் வாரிசுரிமை பற்றிய வசனத்தால் முடிவுக்கு வந்தது. அவசரகால ஏற்பாடு நிரந்தரச் சுமையாக விடப்படவில்லை.

தண்ணீரைப் பாருங்கள். மதீனாவில் ரூமா கிணற்றின் நீர் விலைக்கு விற்கப்பட்டது. உஸ்மான் (ரலி) அதை வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். ஒரு நெருக்கடியின் வேரையே அந்த வக்ஃபு வெட்டியது.

உரசலே ஏற்படவில்லையா? ஏற்பட்டது. பனூ முஸ்தலிக் போரின்போது முரைஸீஃ நீர்நிலை அருகே ஒரு முஹாஜிருக்கும் ஓர் அன்ஸாரிக்கும் கைகலப்பு வந்தது. ஒருவர் ‘முஹாஜிர்களே!’ என்றும் மற்றவர் ‘அன்ஸார்களே!’ என்றும் குரல் கொடுத்தார்கள். அல்லாஹ்வே புகழ்ந்த இரு பெயர்கள் அவை. ஆனாலும் கட்சி பிரிக்க அவை பயன்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அதை ஜாஹிலிய்யத்தின் அழைப்பு என்று கண்டித்தார்கள். நயவஞ்சகன் இப்னு உபை அந்தச் சிறு சண்டையைக் கொண்டே முஹாஜிர்களை மதீனாவிலிருந்து விரட்டப் பேசினான் என்பதை ஸூரத்துல் முனாஃபிகூன் (63:8) பதிவு செய்திருக்கிறது. கிணற்றடிச் சண்டையை அரசியலாக்குவோர் எந்தக் காலத்திலும் உண்டு.

ஹுனைன் போருக்குப் பின் பங்கீட்டில் தமக்குக் கிடைக்கவில்லையே என்று அன்ஸார்களில் சிலர் மனம் வருந்தியபோது, நபி (ஸல்) அவர்கள் அவர்களைத் தனியே ஒன்றுகூட்டினார்கள். அவர்களின் தியாகத்தை அவர்கள் முன்னிலையில் எடுத்துச் சொன்னார்கள். அன்ஸார்கள் தாடி நனைய அழுதார்கள். வரவேற்றவருக்கும் மனக்குறை வரும். அதைப் பொறாமை என்று ஒதுக்காமல் கேட்க வேண்டும் என்பது இதிலுள்ள ஸுன்னத்.

ஸூரத்துல் ஹஷ்ரின் வரிசையும் சிந்திக்கத்தக்கது. அன்ஸார்கள் தமக்குத் தேவையிருந்தும் பிறருக்கு முன்னுரிமை கொடுத்ததைப் புகழும் வசனம் 59:9. அதற்கு முந்திய 59:8, வீடுகளையும் சொத்துகளையும் விட்டு வெளியேற்றப்பட்டவர்களின் உரிமையைப் பேசுகிறது. அதற்கும் முந்திய 59:7, செல்வம் பணக்காரர்களுக்குள் மட்டுமே சுற்றிவராதிருக்கப் பங்கீட்டின் விதியைச் சொல்கிறது. முதலில் நீதியான பங்கீடு, பின்னர் பாதிக்கப்பட்டவரின் உரிமை, அதன்பின் வரவேற்றவரின் தியாகம். புத்தளத்தில் மூன்றாவது நிறையவே இருந்தது. முதலாவதைச் செய்ய வேண்டியவர்கள் செய்யவில்லை. தனிமனிதரின் தியாகத்தை நிர்வாகத்தின் நீதிக்குப் பதிலாக வைக்க முடியாது.

வீட்டுத்திட்டமும் மீள்திரும்பலும்

2007-இல் 32 மில்லியன் அமெரிக்க டொலர் உலக வங்கி நிதியுடன் புத்தளம் வீட்டுத்திட்டம் தொடங்கியது. அதில் இரு விடயங்கள் நல்லவை. உள்ளூர் வறிய குடும்பங்களுக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. தண்ணீர், மலசலகூட வசதிகள் இரு சமூகத்துக்கும் பொதுவாக அமைந்தன. புத்தளத்தில் வீடு பெறுவதால் வடக்குக்குத் திரும்பும் உரிமை பறிபோகாது என்ற கொள்கையும் அதில் இருந்தது. பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே இப்படிச் சிந்தித்திருந்தால் எத்தனை கசப்புகளைத் தவிர்த்திருக்கலாம்!

2009-இல் போர் முடிந்ததும் வடக்கின் கதவு திறந்தது. ஆனால் அரசும் உதவி நிறுவனங்களும் இறுதிப் போரில் இடம்பெயர்ந்தவர்களைப் ‘புதியவர்கள்’ என்றும், 1990-இல் வந்தவர்களைப் ‘பழையவர்கள்’ என்றும் பிரித்தன. உதவியில் பழையவர்கள் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டார்கள். திரும்பிச் சென்றவர்கள் கூரையற்ற சுவர்களையும், காடு மூடிய காணிகளையும், வேறொருவர் குடியிருக்கும் வீடுகளையும் கண்டார்கள். இருபது ஆண்டுகளில் எல்லோருடைய குடும்பமும் பெருகியிருந்தது. ஒரு வீடு இருந்த இடத்தில் மூன்று வீடுகள் தேவைப்பட்டன. எனவே தந்தை வடக்கிலும், பிள்ளைகள் படிப்புக்காகப் புத்தளத்திலுமாகப் பல குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்து வாழ்ந்தன. இதைப் பார்த்து ‘இவர்கள் உண்மையில் திரும்பவில்லை’ என்று சிலர் குறை கூறினர். இரண்டு ஊரிலும் வேர் உள்ளவர் இரண்டு ஊரிலும் வாழ்வதில் குற்றமென்ன?

காணி விடயத்தில் ஒரு சட்டத்தைக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும். பத்து ஆண்டுகள் தடையின்றி அனுபவித்தவர் காணிக்கு உரிமை கோரலாம் என்பது இலங்கையின் ஆட்சியுரிமைச் சட்டம். போரால் வெளியேற்றப்பட்டவர்களுக்கு இது அநீதி என்பதால், 2016-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் கொண்டுவரப்பட்டது. வடக்கில் காணிப் பிரச்சினை உள்ளவர்கள், பழைய உறுதி, வரி பற்றுச்சீட்டு, பாடசாலைப் பதிவு என்று கையிலுள்ள எதையும் எறியாமல், சட்டத்தரணி ஒருவரிடம் காட்டி ஆலோசனை பெறுவது நல்லது.

நம் மஹல்லாக்கள் செய்யக்கூடியவை

ஆய்வுகளும் ஸீராவும் காட்டும் வழியை நடைமுறையில் சுருக்கினால் இவ்வாறு அமையும்.

ஒன்று, ஸகாத்தும் ஸதகாவும் தேவையைப் பார்த்துச் சேர வேண்டும். பள்ளிவாசலின் ஸகாத் பட்டியலில் ‘அகதி’, ‘உள்ளூர்’ என்று இரு பக்கங்கள் இருக்கக்கூடாது.

இரண்டு, கிணறு, மையவாடி, மத்ரஸா, பாலர் பாடசாலை ஆகியவற்றை இரு தரப்புக்கும் பொதுவாக அமைக்க வேண்டும். கிணறு தோண்ட நிதி தரும் தனவந்தர்கள், அது எந்த வேலிக்குள் அமைகிறது என்பதையும் கேட்க வேண்டும்.

மூன்று, பள்ளிவாசல் நிர்வாக சபையில் வந்தவர்களுக்கும் இடம் தர வேண்டும். தொழுகை ஸப்பில் சமமாக நிற்பவர், மஷூராவிலும் சமமாக அமர வேண்டும்.

நான்கு, உள்ளூராரின் தியாகத்தை வெளிப்படையாக நன்றியுடன் பேச வேண்டும். வெளியேற்றத்தின் நினைவுநாளில் வடக்கின் இழப்பைப் பேசுவோர், புத்தளத்தின் அடுப்புகளையும் நினைவுகூர வேண்டும்.

ஐந்து, ‘அகதி’ என்ற சொல்லைப் பிள்ளைகள் மீது சுமத்துவதை நிறுத்த வேண்டும். வீட்டில், வகுப்பில், திருமணப் பேச்சில் அச்சொல் எப்படிப் புழங்குகிறது என்பதை ஒவ்வொரு குடும்பமும் கவனிக்கட்டும். வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்வது கடமை. அதைப் பட்டப்பெயராக்குவது அநீதி.

மக்காவிலிருந்து சென்ற முஹாஜிர்கள், மக்கா வெற்றிக்குப் பின்னும் மதீனாவையே தம் ஊராகக் கொண்டார்கள். மக்காவின் மீதான அன்பும் அவர்கள் உள்ளத்தில் குறையவில்லை. ஓர் உள்ளத்தில் இரண்டு ஊர்களுக்கு இடமுண்டு. அதை உணர்ந்து, வந்தவரும் இருந்தவரும் ஒருவர் மற்றவரின் உரிமையைப் பேணி வாழ வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. வீடிழந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் கண்ணியமான இல்லத்தையும், அவர்களுக்குக் கதவு திறந்த ஒவ்வொரு வீட்டுக்கும் குறையாத பரகத்தையும் வழங்குவானாக. ஆமீன்.